பொதுச் சுகாதார முதுநிலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எம்.பி.எச். என்னும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் பெற்று, தமிழகத்தின் ஒரு மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அந்தப் படிப்பு எனக்குக் கற்றுத் தந்ததற்கும் இந்த வேலை அன்றாடம் என்னிடம் கேட்பதற்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் மாதம், ஓர் ஊராட்சியில் பலருக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டைப் பார்த்து, யாருக்கு, எந்தத் தெருவில், எந்த நாளில் நோய் கண்டது என்று லைன் லிஸ்ட் எனப்படும் நோயாளிப் பட்டியலைத் தயாரித்தேன். அந்தப் பதிவேட்டில் இருந்தது நோய் தொடங்கிய நாள் அல்ல, சிகிச்சைக்கு வந்த நாள் என்பது மாலைவரை எனக்கு உறைக்கவில்லை. எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் தொடங்கியது என்று நான் வரைந்திருந்த வரைபடம் முழுவதும் தவறாகிப்போனது. அதற்குள் உடன் வந்த சுகாதார ஆய்வாளர் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, நீரில் குளோரின் இருக்கிறதா என்று காட்டும் குளோரோஸ்கோப்பில் சொட்டுமருந்தை விட்டுப் பார்த்திருந்தார். குளோரின் இருந்தால் வர வேண்டிய மஞ்சள் நிறம் துளியும் வரவில்லை. மேல்நிலைத் தொட்டி இயக்குபவரோடு பேசி, வாய் திறந்த மூட்டையில் வீரியம் இழந்து கிடந்த பிளீச்சிங் பவுடரை மாற்ற வைத்தவரும், சாக்கடையோரம் உடைந்திருந்த குழாயை ஊராட்சித் தலைவருக்கு நேரில் காட்டி அன்றிரவே அடைக்கச் செய்தவரும் அவரே.

புள்ளியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகக் கேட்டுத் திருத்திய பட்டியலை வைத்து, அந்த ஒரு குழாய்ப் பாதையில் தண்ணீர் பிடித்தவர்களுக்கே நோய் அதிகம் என்று உறுதிசெய்ய, வகுப்பில் படித்த கணக்குதான் உதவியது. ஆனால் கணக்குக்கு முன்னால் வரும் வேலையையும் பின்னால் வரும் வேலையையும் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, தேர்விலும் கேட்கவில்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட எம்.பி.எச். மாதிரிப் பாடத்திட்டம் திறன்களை அடிப்படையாகக் கொண்டதுதான். எனவே குறை திறன்களின் பட்டியலில் இல்லை, தேர்வு முறையில்தான் இருக்கிறது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வில் ‘நோய்ப்பரவல் விசாரணையின் படிநிலைகளை விவரி’ என்று கேட்டால், மாணவர் படிநிலைகளை மனப்பாடம் செய்வார். விசாரணை நடத்தப் பழக மாட்டார். மதிப்பெண் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் படிப்பும் இருக்கும். களப் பயணம் என்ற பெயரில் நாங்கள் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பால் பண்ணையையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துத் திரும்பினோம்.

அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் குழு, 2016-இல் வெளியிட்ட விதிகளில் எம்.பி.எச். மாணவருக்கான அடிப்படைத் திறன்கள் 22 என்று வரையறுத்தது. ஒவ்வொரு திறனும் எந்த மதிப்பீட்டின் வழியே சோதிக்கப்படுகிறது என்பதைக் கல்வி நிறுவனம் காட்ட வேண்டும். களப் பயிற்சியில் மாணவர் அந்த அலுவலகத்துக்குப் பயன்படும் ஆக்கங்கள் இரண்டையாவது செய்து தர வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிய களப் பயிற்சித் திட்டத்தில், செய்தே கற்பது என்பதுதான் அடிப்படை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். களப் பயிற்சியை ஒரு முழுப் பருவமாக்கி, மாணவர் ஒரு மாவட்ட அல்லது வட்டார அலுவலகத்தில் வாராந்திர நோய் அறிக்கையைத் தாமே தயாரிக்கவும், ஒரு விசாரணையிலேனும் தொடக்கம் முதல் முடிவு வரை பங்கேற்கவும், கண்டதை ஊராட்சிக் கூட்டத்தில் மக்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லவும் வழிசெய்யுங்கள். அதற்குரிய மதிப்பெண்ணில் பாதியை அங்கே மேற்பார்வையிடும் அலுவலரே வழங்கட்டும். அந்த அலுவலர்களில் சுகாதார ஆய்வாளர்களும் இருக்கட்டும். மேற்பார்வைக்கு ஆள் போதாது என்று சொல்லப்படலாம். அது உண்மையான சிரமம். ஆனால் ஆண்டுக்கு இரண்டு மாணவர் என்றால் எங்களைப் போன்ற ஒரு பிரிவு தாங்கும். பருவமழைக் காலத்தில் அவர்களால் எங்களுக்கும் கூடுதல் கை கிடைக்கும்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்குக் களத்தில் பணிபுரிவோர் சிலரையும் அழையுங்கள். வேலை நாளாக இருந்தாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவுப் பணியாளர் ஒருவர்