மாட்டுவண்டிப் பெரியவர் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைப்பாதையில் இறங்கி வரும் வாகனம், ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்று நான் எழுதிய கடிதத்துக்குச் சென்ற இதழில் ஓர் அன்பர் மறுப்பு எழுதியிருக்கிறார். மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ‘மாட்டுவண்டிக் காலத்திலேயே தங்கிவிட்ட இந்தப் பெரியவருக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்’ என்ற முதல் வரியைத்தான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறேன். நான் சொன்னது இன்றும் நடப்பில் உள்ள சாலை விதி என்பது தாங்கள் அறியாததல்ல. சுமையேற்றிய வண்டி சரிவில் ஒருமுறை நின்றுவிட்டால் அதை மறுபடி மேலே கிளப்புவது என்ன பாடு என்பது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அன்பர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை; என் வயதைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறார்.

‘கடிதங்களைச் சுருக்கவும் திருத்தவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு’ என்று இதழ்தோறும் அச்சிடுகிறீர்கள். அந்த உரிமை, என் கடிதத்தில் விதியை விளக்கிய பத்தியை எடுத்துவிடப் பயன்பட்டது. மாட்டுவண்டியின் மேல் மட்டும் தங்கள் கத்தரி படவில்லை. தங்கள் தாராள மனம் வாழ்க.

எனக்கு இது புதிதுமல்ல. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் சாக்கடை அடைப்பைப் பற்றி எழுதியபோது, என் பேரன் வயதுள்ள ஒருவர் ‘தெரிஞ்சா பேசு, இல்லேன்னா சும்மா இரு’ என்று பதில் போட்டார். மறுநாள் காலையில் பால் வாங்கும் இடத்தில் அவரே, ‘என்ன சார், நல்லா இருக்கீங்களா’ என்று ஒதுங்கி நின்று எனக்கு இடம் கொடுத்தார். நாவில் வராத அந்தப் ‘பேசு’ விரலில் மட்டும் எப்படி வருகிறதோ, எனக்கு விளங்கவில்லை. அதே குழுவில் ஒரு மரணச் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்களும் உண்டு.

நான் ஏற்காட்டில் அஞ்சலக எழுத்தராக இருந்தவன். காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் ஊருக்கு மணியார்டர் அனுப்ப வரும்போது, படிவத்தில் செய்திக்கென்று விட்டிருக்கும் சிறு இடத்தையும் என்னையே நிரப்பித் தரச் சொல்வார்கள். தன்னைக் கேட்காமல் தன் ஆட்டை விற்றுவிட்ட அண்ணன்மேல் கொதித்துப்போய் ஒரு பெண்மணி வந்தார். வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். நான் பேனாவைத் திறந்ததும், ‘மொதல்ல அண்ணனுக்குக் கும்புடறேன்னு போடுங்க சார், அப்புறமா ஆட்டைக் கேளுங்க’ என்றார். இருந்த இரண்டு வரி இடத்தில் ஒரு வரி கும்பிடுக்கே போயிற்று. அவர் கைநாட்டு வைத்தவர்; நம் அன்பரோ தம் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களைப் போட்டிருக்கிறார்.

ராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்த ஊர் இந்தச் சேலம். அவரைப் பெரியார் கொள்கையில் எதிர்த்த அளவுக்கு எதிர்த்தவர்கள் குறைவு. ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது பெரியார் கண்ணீர்விட்டு அழுததைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

மறுப்புக் கடிதங்களை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. வெட்டப்பட்ட என் பத்தியில், இறங்கும் வண்டி ஒதுங்க வேண்டும் என்ற அந்த ஒரு வாக்கியத்தையாவது அடுத்த இதழில் வெளியிட்டு உதவுங்கள். அன்பருக்கு என் வணக்கத்தையும் அதனுடன் சேர்த்தே அச்சிடக் கோருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.