மூடிய மைதானத்துக்குள்ளும் ஆள் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான இங்கிலாந்து அனுபவக் கட்டுரையைப் படித்தேன். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அங்கே வேலைக்குப் போய், கோல்ஃப் பழகி, ஒரு குளிர்காலக் காலையில் ‘உறைபனி காரணமாக இன்று மைதானம் மூடல்’ என்று பலகை வைத்திருந்த கிளப்புக்குள் நண்பர்களுடன் வேலி தாண்டிப் போய் ஒன்பது குழி ஆடிவிட்டு வந்ததை எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பிள்ளை அந்த ஆட்டத்தைப் பழகியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் “உள்ளே ஒரு ஆள்கூட இல்லை, எங்களால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டிருக்கிறாரே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். செட்டிநாட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் என்றாலே லேவாதேவியும் பெரிய வீடுகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மண்வெட்டியும் புல் வெட்டும் மிஷினும் பிடிக்கப் போன எங்களைப் போன்றவர்களும் இந்த ஊர்களில் நிறைய உண்டு. அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழியைச் சுற்றிப் பாய் விரித்த மாதிரி இருக்கும் இடத்தை கிரீன் என்பார்கள். அந்தப் புல்லின் உயரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். தினமும் விடியும் முன்பே வெட்டுவோம். அவ்வளவு குட்டையாக வெட்டி, மேலே நாள் முழுக்க ஆட்களை நடக்கவிட்டால் மண் இறுகிப்போகும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அதனால் அவ்வப்போது மைதானத்தை மூடி, கிரீன் முழுவதும் மிஷினால் விரல் கனத்தில் ஓட்டை போட்டு, உள்ளிருந்து வரும் மண்ணை அள்ளி, சலித்த மணலைத் தூவிப் பெருக்கி நிரப்புவோம். பார்ப்பதற்குப் பாழாய்ப் போன இடம் மாதிரி இருக்கும். உண்மையில் புல் மூச்சு விட்டுத் தேறிவரும் நாட்கள் அவைதான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து அடிப்பதையும் மூடிய நேரத்தில்தான் வைத்துக்கொள்வோம். அடித்த மருந்து காய்வதற்குள் யாரும் காலை வைக்கக் கூடாது. புல்லுக்காக மட்டும் சொல்லவில்லை, காலுக்காகவும்தான்.

சிங்கப்பூரில் உறைபனி கிடையாது. ஆனால் எங்களுக்கு மேலே இருந்த தலைமை கிரீன் கீப்பர், அதாவது புல் பராமரிப்பின் பொறுப்பாளர், ஸ்காட்லாந்துக்காரர். அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உறைபனி பிடித்த புல்லுக்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாகி நிற்கும். அதன்மேல் மிதித்தால் இலையின் உள்ளே இருப்பதெல்லாம் நொறுங்கிவிடும். மிதித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து, நடந்தவரின் காலடிகள் அப்படியே கறுத்துத் தெரியும். குளிர்காலத்தில் புல் வளராது என்பதால் அந்தத் தடம் மறைய வாரக்கணக்கில் ஆகும். மேலே பனி இளகி அடியில் மண் இன்னும் உறைந்திருக்கும் நேரம் இன்னும் மோசம். மிதிக்கிற வேகத்தில் மேல்மண் வழுக்கி வேரையே அறுத்துவிடும். ஆக, கட்டுரையாளர் வெளியே வரும்போது திரும்பிப் பார்த்து எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்ததில் வியப்பில்லை. அவர் விட்டுவந்த தடம் அவர் கண்ணில் படப்போவதில்லை. அதைப் பார்த்து நின்றவர் அந்த மைதானத்தின் வேலைக்காரர்.

ஆளே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடிய நாள்தான் எங்களுக்கு அதிக வேலை உள்ள நாள். ஆட்டம் இல்லை என்ற நம்பிக்கையில் ஆட்டக்காரர் முதல் அடி அடிக்கும் ‘டீ’ என்ற இடம் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து வேலை செய்துகொண்டிருப்போம். காதில் சத்தம் தடுக்கும் கவசம், பக்கத்தில் மிஷின் இரைச்சல். பந்து வருகிறது என்று எச்சரிக்க “ஃபோர்!” என்று யார் கத்தினாலும் காதில் விழாது. கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்குள்தான். ஆனால் சாதாரண ஆட்டக்காரர் ஒருவர் டிரைவர் என்ற நீள மட்டையால் அடித்தாலே அது மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் கிளம்பும். ஒரு மேடு மறைத்தால் எதிரே ஆள் குனிந்திருப்பது அடிப்பவருக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் அடிக்கடி மைதானத்தை மூட வைத்தது இடிதான். சைரன் ஊதினால் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். 1975-ல் சிகாகோ அருகே நடந்த வெஸ்டர்ன் ஓப்பன் போட்டியில் பெரிய ஆட்டக்காரரான லீ ட்ரெவினோவையும் வேறு ஆட்டக்காரர்களையும் மின்னல் தாக்கியதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படியிருந்தும் இந்தக் குழியை மட்டும் முடித்துவிடுகிறோம் என்று நிற்பவர்கள் உண்டு. அவர்களைக் கூட்டிவர அந்த மழையில் பக்கி என்ற சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு போனது எங்களில் ஒருவர்தான். என் உயிர், என் இஷ்டம் என்று சொல்பவர் அந்த ஓட்டுநரையும் கணக்கில் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரையைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், “கோடையில் கண்மாய் வற்றினால் நம் பையன்கள் இறங்கி ஸ்டம்ப் நடுகிறார்களே, யாரைக் கேட்டு ஆடுகிறார்கள்?” என்றார். நல்ல கேள்விதான். கண்மாய் ஊருக்குப் பொது. வற்றிய கண்மாயில் ஆடுவதை ஊரில் யாரும் தடுத்ததில்லை. நாலு பேர் ஓடுவதால் அந்தத் தரைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதே கண்மாயில் தண்ணீர் குறைந்து மீன் துள்ளும் நாட்களை நினைத்துப் பாருங்கள். மீன்பிடித் திருவிழா அன்று சுற்று வட்டார ஊர்களெல்லாம் கச்சாவும் தூரியும் எடுத்துக்கொண்டு கரையில் நிற்கும். பெரியவர்கள் துண்டை வீசும் வரை ஒருவரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். இத்தனைக்கும் வேலியும் கிடையாது, பூட்டும் கிடையாது. முந்தின இரவே ஒருவர் போய் வலை போட்டுவிட்டு, அப்போது அங்கே யாரும் இல்லை என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? அவர் பிடித்த மீன் ஊர்ப் பங்கு. இதை அந்த நண்பரிடமும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கோல்ஃப் கிளப்பு பணக்காரர்களுடையது, ஊருடையது இல்லையே என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. வருடச் சந்தா கட்டிய உறுப்பினர், நான் பணம் கொடுத்திருக்கிறேன், மூடினாலும் ஆடுவேன் என்றால் அவருக்குச் சொல்ல எனக்குச் சுலபமான பதில் உண்டு: மூடி வைத்துப் பராமரிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சந்தா. 2020 ஊரடங்கில் பிரிட்டனில் மைதானங்கள் மூடிக் கிடந்தபோது, அவசியமான புல் வேலைக்கு மட்டும் ஆட்கள் போய்வந்தார்கள். இங்கிலாந்தில் மே 13-ம் தேதி திறந்தபோது ஆடுவதற்கு மைதானம் இருந்தது அவர்களால்தான். ஆனால் சந்தா கட்டவே வழியில்லாதவர் என்ன செய்வார்? நம் நாட்டில் இந்த ஆட்டத்தைப் பழகியவர்களில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகளும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. 1991-ல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். அதே பட்டத்தை 2016, 2017 என அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன் கீப்பர். பிள்ளை அந்த மைதானத்திலேயே ஆடக் கற்றுக்கொண்டவர். 1829-ல் தொடங்கிய கிளப்பு அது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு சௌராசியாவின் பெயரைக் கேட்டாலே ஒரு பெருமை.

அதனால் கதவைச் சாத்தி வைப்பதே தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய போட்டி நடக்கும் நாட்களைத் தவிர ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்றைக்கு ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதில் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். உலகத்தில் பேர்போன மைதானம், வாரத்தில் ஒரு நாள் ஆட்டக்காரருக்கு மூடி ஊருக்குத் திறந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டமும் கோல்ஃப் மைதானத்தைக் கடந்து நடக்க மக்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் கிரீன் மேல் கால் வைக்கவோ, சும்மா உள்ளே போய் ஆடவோ அந்த உரிமை செல்லாது. எனக்கு இது சரியான பிரிப்பாகப் படுகிறது.

அப்புறம், ஆட்டத்தைப் பற்றி. கோல்ஃபில் பெரும்பாலும் அம்பயர் கூட வருவதில்லை. புதருக்குள் பந்தைத் தொட்டீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேர்மையாக நடப்பது, மற்றவர்களை மதிப்பது, மைதானத்தைப் பேணுவது ஆகிய மூன்றையும் முதல் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரின் பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்லும் ஆட்டம் இது; அவரோ தானே சொல்லித் தன் கணக்கில் ஒரு அடியை அபராதமாகக் கூட்டிக்கொண்டார். அந்தப் போட்டி சமனில் முடிந்து, வெற்றியாளரை முடிவு செய்ய நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் தோற்றார். அந்த ஒரு அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பட்டம் அவருக்கு. கட்டுரையாளர் தன் ஸ்கோர் அட்டையை நேர்மையாக எழுதியதாகப் பெருமைப்படுகிறார். வேலி தாண்டி ஆடிய ஒன்பது குழிக்கு என்ன ஸ்கோர் எழுதினாலும் அதை நேர்மையான அட்டை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நிரந்தரமாக மூடிவிட்ட மைதானங்கள் வேறு விஷயம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-லும் மரினா பே மைதானம் 2024-லும் மூடப்பட்டு நிலம் அரசுக்குப் போனது. அப்படிப்பட்ட இடத்தில் காப்பாற்றப் புல் இல்லை, குனிந்து வேலை செய்யும் ஆளும் இல்லை. நான் மேலே சொன்னதில் பாதி அங்கே பொருந்தாது. அங்கே ஒருவர் நாலு பந்து அடித்தார் என்று கேட்டால் எனக்குப் பெரிய கோபம் வராது. நிலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர், இதில் தயங்க வேண்டியதில்லை. தம்பி, நீங்கள் ஆடிய கிளப்பின் கிரீன் கீப்பரை ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். எந்த நாள் வந்தோம் என்பதைச் சொல்லுங்கள். திட்டினாலும் கேட்டுக்கொள்ளுங்கள். மணல் நிரப்பும் நாளில் ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் எந்த கிரீன் கீப்பரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

நம் நாட்டுக் கிளப்புகளின் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. வாரத்தில் உறுப்பினர்களுக்கு விடுமுறை விடும் நாளில், புல் வேலை முடிந்த பிறகு மாலையில் இரண்டு மணி நேரம் கேடிகளுக்கும் மைதான வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் எழுத்துமூலமாக அனுமதி கொடுங்கள். எந்தக் குழிகள், எத்தனை மணிவரை என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள். பழைய கிளப் மட்டைகள் உங்கள் ஸ்டோர் ரூமில் சும்மாதான் கிடக்கும், அவற்றையும் எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மைதானப் பணியாளர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.