லேசர் ஆற்றல் குறைந்தால் குழாய் பழுதென்று பொருளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கண் சிகிச்சைக்குப் பயன்படும் எக்ஸைமர் லேசர் (புற ஊதாக் கதிர் தரும் வாயு லேசர்) பற்றித் தங்கள் டெல்டா இணைப்பில் வந்த கட்டுரையில் சில திருத்தங்கள் தேவை. சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: கட்டுரை சொல்வதுபோல், தோலில் வரும் வெண்புள்ளிக்கும் கண்ணுக்கும் ஒரே கதிர் அல்ல. கருவிழியைச் செதுக்குவது ஆர்கான் ஃபுளோரைடின் 193 நானோமீட்டர். தோலுக்குச் செனான் குளோரைடின் 308. வாயுவே வேறு.

எக்ஸைமர் லேசர் ஒற்றை அலைநீளம் தருகிறது, ஆற்றல் குறைந்தால் குழாய் (மின்முனைகள் உள்ள லேசர் அறை) தேய்ந்துவிட்டது என்று எழுதியிருப்பதுதான் பெரிய பிழை. ஆர்கானும் ஃபுளோரினும் கிளர்ச்சியுற்ற நிலையில் மட்டுமே ஒட்டியிருக்கும். ஒளியை உமிழ்ந்ததும் பிகோவினாடிகளில் (ஒரு பிகோவினாடி என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பிரிந்துவிடும். கீழே நிலையான ஆற்றல் மட்டம் இல்லாததால் உமிழ்வு கோடாக வராது, பட்டையாக விரியும். மின்னிறக்கத்தின் (வாயு வழியே மின்சாரம் பாய்வதன்) பக்கவாட்டு ஒளியை நிறமாலைமானியில் பார்த்தால் இது தெரியும். ஆடிகளுக்கிடையே பெருகி வரும் கற்றையில், பெருக்கம் மிகுந்த நடுப்பகுதி முந்திக்கொள்வதால் அகலம் சுமார் அரை நானோமீட்டராகக் குறுகும். கணினிச் சில்லுத் தயாரிப்பில் கீற்றணியும் முப்பட்டகங்களும் வைத்து ஒரு பிகோமீட்டருக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். கண் கருவிக்கு அது வேண்டியதில்லை.

193-இன் தலைவலி ஆக்சிஜன். ஷூமான்-ரூங்கே எனப்படும், அது ஒளியை உறிஞ்சும் கோடுகள் இந்தப் பட்டைக்குள்ளேயே விழுகின்றன. கற்றை காற்று வழியே போனால் நிறமாலையில் பள்ளம் விழும், ஆற்றல் குறையும், ஓசோன் உண்டாகும். அதனால்தான் கற்றைப் பாதையில் உலர்ந்த நைட்ரஜன் ஓடவிடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். ஃபுளோரின் கலவைச் சிலிண்டர் மாற்றும்போது இணைப்புக் குழாயில் ஈரம் ஏறினால் ஃபுளோரின் அதனுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாகும், ஆக்சிஜனும் வெளிப்படும். ஃபுளோரின் குறைவது ஒரு நஷ்டம். லேசர் அறைக்குள்ளேயே ஆக்சிஜன் ஒளிப் பெருக்கத்தைத் தின்பது இன்னொன்று. உலர்ந்த மந்த வாயுவை நிரப்பி, வெற்றிடமாக்கி, இதைச் சில முறை செய்த பிறகே ஃபுளோரின் கலவையைத் திறக்க வேண்டும். குறைகிறதே என்று ஃபுளோரினை அள்ளி விடுவதும் தவறு: அது எலக்ட்ரான்களை விழுங்கும், மின்னிறக்கம் சீராகப் பரவாமல் இழைகளாகப் பிரியும், ஒளித் துடிப்புக்குத் துடிப்பு ஆற்றல் தடுமாறும்.

திரையில் காட்டும் ஆற்றலை மட்டும் நம்பக் கூடாது. பல கருவிகள் மின்னழுத்தத்தைத் தாமாக ஏற்றி ஆற்றலை ஒரே அளவில் நிறுத்திவிடும். அதே ஆற்றலுக்கு மின்னழுத்தம் நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று குறித்து வைப்பதே உருப்படியான வழி. பிறகு லேசர் வாயிலிலும் கற்றை முடியுமிடத்திலும் தனித்தனியே அளக்க வேண்டும். வாயிலில் சரியாக இருந்து முடிவில் குறைந்தால், நைட்ரஜனையும் பாதையிலுள்ள ஆடி, வில்லைகளையும் பாருங்கள். இரண்டிலும் குறைந்தால் புது வாயு நிரப்பிப் பார்க்கலாம். அதற்கும் மீளாவிட்டால் சாளரக் கண்ணாடியில் படிந்த தூசு. அதைத் துடைத்தும் பயனில்லை என்றால்தான் மின்முனைத் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும். கட்டுரை கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் வைத்துவிட்டது.

லேசர் சரியாக இருந்தும் சிகிச்சை பிசகலாம். அறையில் ஈரப்பதம் கூடினால் கருவிழியில் நீர் மிகும், ஒவ்வொரு துடிப்பும் செதுக்கும் ஆழம் குறையும். இரவில் ஏசியை நிறுத்திவிட்டுக் காலையில் முதல் நோயாளிக்குச் சற்று முன் போடும் வழக்கத்தை மழைக்காலத்திலாவது விட வேண்டும்.

- லேசர் பராமரிப்புப் பொறியாளர், கும்பகோணம்