கொள்ளுத்தாத்தா செய்த ஊர்ப்பணியைத் தேடுவது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கொள்ளுத்தாத்தா மாயவரம் முனிசிபாலிட்டியில் கௌன்சிலராக இருந்தார், தர்மக் கிணறு வெட்டினார், ஆஸ்பத்திரி கட்டினார் என்று வீட்டில் சொல்வதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருக்கிறாய். மூன்றையும் மூன்று இடத்தில் தேட வேண்டும்.

முதலில் அந்தக் கிணற்றடியில் இருக்கும், எழுத்து வெட்டிய கல். மேலே சுண்ணாம்பு அப்பியிருக்கிறது என்கிறாய். அதில் கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் படவே கூடாது. வெறும் தண்ணீரும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், ஒட்டினாற்போல் பிடித்துப் படமெடு. பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நேரே ஃப்ளாஷ் அடித்தால் எல்லாம் வெளுத்துப் போகும். சாக்பீஸால் கோடு நிரப்பிப் படிக்காதே. அப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் ஊகித்த எழுத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

ஆண்டில்தான் அதிகம் சறுக்கும். தமிழ் எண்ணில் ௧௮௯௬ என்று வெட்டியிருந்தால் அது ‘கஅகூசு’ என்று ஏதோ பெயரின் துண்டு போலக் கண்ணில் படும். 1896 என்று படிக்க வேண்டும். ௱ நூறு, ௲ ஆயிரம். ‘சார்வரி வருஷம் தை மாசம்’ என்று இருந்தால் 1900 என்று முடிவு கட்டிவிடாதே. சார்வரி பிறந்தது 1900 ஏப்ரலில். அதன் தை 1901 ஜனவரியில் வரும். அறுபது ஆண்டு கழித்து 1960-லும் சார்வரிதான். எது என்பதைக் கூடவே வரும் பெயரோ அணாக் கணக்கோதான் சொல்லும்.

அடுத்தது கௌன்சிலர் பதவி. மாயவரம் 1866-லேயே முனிசிபாலிட்டி ஆன ஊர். முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளைகூட அதற்குச் சேர்மனாக இருந்தவர்தான். கௌன்சிலர் வேலைக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் சம்பளப் பட்டியலில் தேடிப் பயனில்லை. நியமனமும் தேர்தல் முடிவும் அரசிதழில் வரும். அந்தக் காலத்தில் அது செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தத் தொகுதிகளோடு, ‘லோக்கல் அண்டு முனிசிபல்’ துறை அரசாணைகளின் வருஷவாரி இண்டெக்ஸையும் கேள். ஊர் தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ் வரும். மாயவரம், மாயூரம் இரண்டையும் பார். இன்றைய பெயரான மயிலாடுதுறை என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் ஊரின் முதலெழுத்தும் இடம் மாறி நிற்கும். முதலெழுத்தை நம்பாமல் தெருவையும் தொழிலையும் ஒத்துப் பார்.

ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைக் கெஜட் சொல்லாது; கூட்டத் தீர்மானப் புத்தகம்தான் சொல்லும். தெருவிளக்குக் காண்டிராக்டை யார் எதிர்த்தது, சாக்கடைக்குப் பணம் போதாதென்று யார் எழுந்து பேசியது எல்லாம் அதில் இருந்தால்தான் உண்டு. நகராட்சியில் எழுத்து மூலம் கேள். இல்லை என்றால் அதிர்ச்சி அடையாதே. அக்காலக் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், பைசல் செய்த காகிதத்துக்கெல்லாம் ஆயுள் குறித்திருந்தார்கள்: ஆர்.டிஸ். என்று குறியிட்டு முடித்தது நிரந்தரம், டி.டிஸ். பத்து ஆண்டு, கே.டிஸ். மூன்று, எல்.டிஸ். ஒரே ஆண்டு. கொள்ளுத்தாத்தா தெருக்குழாய்க்காக எழுதிய மனு எல்.டிஸ்.ஸில் போயிருந்தால் அது என்றோ எரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘கட்டினார்’ என்று குடும்பங்கள் சொல்வதில் பாதி, பலரோடு சேர்ந்து நன்கொடைச் சந்தா கொடுத்ததுதான். கணக்கில் 250-8-6 என்று இருந்தால் 250 ரூபாய், 8 அணா, 6 பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அதை மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அவர் பங்கு தெரிந்துவிடும். அதற்காக அவர் மதிப்பு குறையாது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போவதைவிட, அதை நடத்தும் கமிட்டியில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பது கடினமான வேலை. முனிசிபாலிட்டி கணக்கில் இல்லை என்றால் தாலுகா போர்டு, அதாவது தாலுகா அளவிலான உள்ளாட்சி மன்றம், நடத்தியதாக இருக்கலாம். தாலுகா போர்டுகள் 1934-இல் ஒழிக்கப்பட்டன; பிந்திய காகிதங்களை ஜில்லா போர்டு தலைப்பில் தேடு.

நிலம் எழுதிக் கொடுத்திருந்தால் உறுதியான சாட்சி சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். தான சாசனம் 1-ஆம் புத்தகத்திலும், உயில் 3-ஆம் புத்தகத்திலும் நகலாகியிருக்கும். ஆள் பெயர் அட்டவணை தனி, சொத்து அட்டவணை தனி. பெயர் வழியே தேடு, ஏனென்றால் சர்வே எண் அன்றைக்கு வேறு, இன்றைக்கு வேறு. நகர அளவையில் அது இன்னொரு எண்ணாகியிருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்புமைப் பட்டியல் கேட்டு வாங்கு. பத்திரத்தில் ‘இதன் வருமானத்திலிருந்து’ என்று தொடங்கும் பகுதியை முழுக்கப் படி. கிணறு தூர்வார எவ்வளவு, தண்ணீர்ப் பந்தலுக்கு எந்த மாசம் முதல் எந்த மாசம் வரை என்றெல்லாம் அங்கேதான் எழுதுவார்கள்.

பிரிட்டிஷ் அரசு கொடுத்த ராவ் சாகிப், ராவ் பகதூர் பட்டம் ஏதாவது உண்டா என்று கடைசியாகப் பார்த்தால் போதும். புத்தாண்டுக்கும் சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கும் வெளியான பட்டியல்கள் அவை.

கல்லின் படம் எடுத்ததும் அனுப்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து.

அன்புடன்,
உன் நண்பன்