கடைசல்காரர்கள் கூட ஓர் இடம் வேண்டும்: பூம்புகாருக்கு ஒரு திறந்த மடல்

பூம்புகார் என்று ஊரறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சிக்காரன். வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருக்கிறேன். விடுமுறை நாட்களில் லேத்தில், அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்கும் கடைசல் இயந்திரத்தில், மரம் கடைவேன். 2024இல் ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் நடந்த அமெரிக்க மரக்கடைசல்காரர் சங்கத்தின் ஆண்டு சிம்போசியத்துக்கு முதன்முறையாகப் போய்வந்தேன். அதுபோன்ற ஒரு கூடுகையை அம்பாசமுத்திரத்தில் நீங்கள் நடத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சிம்போசியம் என்றதும் ஆளாளுக்குக் கட்டுரை வாசிக்கும் கருத்தரங்கு நினைவுக்கு வரலாம். இது அப்படி இல்லை. ஒரே நேரத்தில் பல அறைகளில் லேத் ஓடுகிறது. ஒவ்வோர் அறையிலும் கைதேர்ந்த ஒருவர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நின்று கடைந்து காட்டுகிறார். சிதறும் துண்டு பார்ப்பவர்கள் மேல் படாதபடி முன்னால் கண்ணாடி போன்ற கெட்டித் தடுப்பு. லேத்துக்கு மேலே கேமரா. உளியின் முனை மரத்தைத் தொடும் இடம் பெரிய திரையில் தெரிகிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சுருள் எந்தப் பக்கம் பிரிந்து விழுகிறது என்று தெரியும்.

என்னை அசைத்தது அவர்களுடைய திறமையைவிட அதை அவர்கள் திறந்து வைக்கும் விதம். ஈர மரத்தில் கிண்ணம் கடைபவர், பத்து அங்குல அகலத்துக்கு ஒரு அங்குல கனம் விட்டு முதலில் முரட்டுத்தனமாகக் கடைந்து வை, பல மாதம் உலரட்டும், அது கோணிக்கொள்ளும், அப்புறம் மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கு என்று கணக்கோடு சொல்கிறார். உளியை எந்தச் சாய்வில் தீட்டுகிறேன், எந்த இடத்தில் மரம் பிடித்து இழுக்கும், அப்போது உடம்பு எப்படி நிற்க வேண்டும் என்று எதையும் மறைப்பதில்லை. 'இதை எங்கே கற்றீர்கள்?' என்று ஒருவர் கேட்டால், இன்னாரிடம் என்று பெயர் சொல்கிறார். அவர் சொன்ன ஆள் சில சமயம் அடுத்த அறையில் கடைந்துகொண்டிருக்கிறார்.

அந்த அரங்கின் இன்னொரு பக்கத்தில் உடனடிக் கண்காட்சி என்று ஒன்று வைக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிம்போசியத்துக்குப் பதிவு செய்து வந்த யார் வேண்டுமானாலும் தன் வேலையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கலாம். தேர்வுக் குழு கிடையாது. இருபது, முப்பது வருடம் கடைந்தவரின் சாடிக்கு அருகில், போன மாதம் லேத் வாங்கியவரின் முதல் கிண்ணம் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே விரிப்பு, ஒரே அளவு பெயர்ச்சீட்டு. பிறகு மூத்தவர்கள் வந்து சில பொருட்களைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அடிப்பாகம் ஏன் கனமாகிவிட்டது, விளிம்பை எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று பேசுகிறார்கள். யாருடைய பெயரையும் இழுத்துப் பேசுவதில்லை, பொருளைப் பற்றித்தான் பேச்சு. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் அடியை இவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை நான் அங்கேதான் கண்டேன். விலை கேட்க வந்த கூட்டம் அல்ல அது. செய்தவர்கள், செய்தவர்களின் வேலையைப் பார்க்க வந்திருந்தார்கள்.

இது அங்கேயும் ஆதியிலிருந்து இருந்த வழக்கம் இல்லை. கடைசல் அங்கே ஆலை வேலையாகவும் தனியாளின் பொழுதுபோக்காகவும் சுருங்கியிருந்த காலத்தில், 1976இல் தொடங்கி ஆல்பர்ட் லெகாஃப் என்பவர் இன்னும் சிலரோடு சேர்ந்து பென்சில்வேனியாவில் சிறிய சிம்போசியங்களை நடத்தினார். 1985இல் டென்னசி மாநிலத்தின் ஆரோமான்ட் கைவினைப் பள்ளியில் ஒரு பெரிய கூட்டம். அதன் விளைவாக 1986இல் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் டேவிட் எல்ஸ்வொர்த். 1987இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் சங்கத்தின் முதல் சிம்போசியம். இன்று அந்தச் சங்கத்துக்கு 350க்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. தனித்தனிக் கொட்டகையில் கடைந்துகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஓர் இடம் கிடைத்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து வளர்ந்தது.

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டி உரல், அம்மி, குடம், அடுப்பு, பம்பரம், நடைவண்டி எல்லாம் கடைசல் பட்டறையில் பிறந்தவை. முன்பு மஞ்சள் கடம்பில் கடைவார்கள். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடும். அதன் மேல் ஓலையை அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். தூரிகை கிடையாது, காயப்போடும் வேலை கிடையாது. லேத்தை விட்டு இறங்கும்போதே பொருள் தயார். போர்ட்லாந்தில் எண்ணெய், மெழுகு, வார்னிஷ் என்று எத்தனையோ மெருகு முறைகளைப் பற்றிப் பேசினார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் நான் அரக்குக் கடைசலை விவரித்தபோது, அருகில் இருந்தவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எந்த ஓலை என்று கேள்வி மேல் கேள்வி. அந்த மேடையில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்.

அவரோ தன் பட்டறைக்குள்ளேயே இருக்கிறார். கர்நாடகத்தின் சென்னபட்டணாவில் அதே அரக்குக் கடைசல் பெரிய தொழிலாக நடக்கிறது, புவிசார் குறியீடும் உண்டு. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவில் சி.வி. ராஜு செடிகளிலிருந்து சாயம் எடுத்து அரக்கில் சேர்க்கும் முறையை மீட்டெடுத்தார், 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குழந்தை வாயில் வைக்கும் சாமானுக்கு இதைவிட முக்கியமான வேலை வேறென்ன? இரண்டு ஊரிலும் வெட்பாலை மரத்தில்தான் கடைகிறார்கள். குஜராத்தின் சங்கேடாவில் கட்டில், நாற்காலி அளவுக்கு அரக்குக் கடைசல் போகிறது. இந்த நான்கு ஊர்க் கடைசல்காரர்களும் ஒரு லேத்தைச் சுற்றி நின்று பேசிக்கொள்ளும் வாய்ப்பு எத்தனை முறை கிடைத்திருக்கும்?

கண்காட்சிகள் நடத்துகிறீர்கள், விருதுகள் கொடுக்கிறீர்கள், விற்பனை நிலையங்கள் வைத்திருக்கிறீர்கள். அவை வேண்டியவை, அவற்றால் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. ஆனால் கண்காட்சிக் கடையில் உட்கார்ந்திருக்கும் கைவினைஞர் அன்று வியாபாரி. அவர் கண் வாங்க வருபவர் மேல்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பக்கத்துக் கடைக்காரரின் உளியை வாங்கிப் பிடித்துப் பார்க்க அவருக்கு அங்கே நேரம் ஏது?

ஒரு நியாயமான மறுப்பு வரும். அமெரிக்காவில் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலப் பொழுதுபோக்குக்காகக் கடைபவர்கள். தொழில் ரகசியத்தைச் சொன்னாலும் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். நம் கடைசல்காரருக்கு அந்த ரகசியம்தான் சோறு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: செய்து காட்டுபவருக்கு அன்றைய கூலியைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். வந்து பார்ப்பவருக்கும் பட்டறையை மூடிவிட்டு வரும் நாட்களுக்கான கூலியும் பயணப்படியும் வேண்டும். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை அந்தந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும். அங்கேயும் மேடையேறுபவர் சும்மா கற்றுக்கொடுப்பதில்லை, அதற்கு ஊதியம் உண்டு. தவிர, இன்று இந்தத் தொழிலுக்குப் பக்கத்துப் பட்டறையைவிடப் பெரிய ஆபத்து, மகன் பட்டறைக்குள் வராமல் போவதுதான். அப்பாவின் கைவேலையை வெளியூர்க்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதை அந்தப் பையன் ஒருமுறை பார்க்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடி போன்ற முகக்கவசம் போடாமல் யாரும் லேத் முன்னால் நிற்பதில்லை, நுண்தூசி நுரையீரலுக்குள் போவதைப் பற்றித் தனி அமர்வே வைப்பார்கள். நம் பட்டறைகளில் பெல்ட்டுக்கு மூடி இல்லாத லேத்துகளை நான் சிறு வயதிலிருந்து பார்க்கிறேன். வேட்டி மடிப்பு பெல்ட்டில் சிக்க ஒரு நொடி போதும். கூடுகைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முகக்கவசமும் நல்ல தூசித் தடுப்பானும் கொடுத்து அனுப்பினால் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பெரிய மாநாடு கேட்கவில்லை. மூன்று நாள் போதும். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம், நான்கைந்து லேத், ஒரு கேமரா, ஒரு திரை. சென்னபட்டணாவிலிருந்தும் ஏட்டிகொப்பாக்காவிலிருந்தும் சங்கேடாவிலிருந்தும் சிலர், மொழிபெயர்க்க ஆட்கள். வருபவர் அனைவரும் தன் வேலையில் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க நீளமான மேசைகள், விலைச்சீட்டு இல்லாமல். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் இரண்டு சிறிய லேத்துகள். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, தை பிறந்ததும் வைத்தால் எல்லோருக்கும் தோது.

திட்டம் போடும் முன் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் அதிகாரி ஒருவரை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பி, கடைசல் குடும்பங்களிடம் கேளுங்கள்: யாருடைய வேலையைப் பார்க்க ஆசை, எதைக் கற்க ஆசை, எதைச் சொல்லித்தர விருப்பம். பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். அரக்கு, வண்ணம், மெருகு என்று பாதி வேலை அவர்கள் கையில் இருக்கும்போது அவர்களும் மேடையில் இருக்க வேண்டும். அந்தப் பதில்களை வைத்து அமர்வுகளை அமைத்தால் போதும். கேமராவுக்கும் திரைக்கும் ஆகும் செலவை வெளிநாட்டில் இருக்கும் எங்களில் சிலர் ஏற்றுக்கொள்கிறோம். நாள் குறித்துச் சொன்னால் ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்கு வந்து லேத் தூக்கிப் போடுவதிலிருந்து எல்லா வேலைக்கும் நிற்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன ஒரு கடைசல் மாணவன்