கோல்டு கார்டும் அப்கிரேடும்: டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் டிக்கெட் விலை கேட்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் கேட்கிறீர்கள். "என்னிடம் கோல்டு கார்டு இருக்கிறது. எகானமியில் எடுத்தால் பிசினஸுக்கு மாற்றித் தருவார்கள்தானே?" போனில் அவசரமாகப் பதில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறோம்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் தரும் தகுதியைத்தான் ஸ்டேட்டஸ் என்கிறோம்; கோல்டு கார்டு அதில் ஒன்று. நெடுந்தூர விமானங்களில் ஸ்டேட்டஸ் உங்களை அப்கிரேடு, அதாவது மேல் வகுப்பு, கேட்பவர்களின் வரிசையில் முன்னால் நிறுத்தும், அவ்வளவுதான். அந்த வரிசைக்குள் உங்களைச் சேர்ப்பதா என்பதை முடிவு செய்வது நீங்கள் வாங்கிய டிக்கெட்டின் வகை. கார்டு எந்த நிறத்தில் இருந்தாலும், அப்கிரேடுக்கு இடம் தராத டிக்கெட்டை வாங்கிவிட்டால் பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, விமான நிறுவனத்தாலும் அநேகமாக முடியாது.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய நிறுவனங்கள் உள்நாட்டு விமானங்களில், காலியாக இருக்கும் முன்வரிசை இருக்கைகளை ஸ்டேட்டஸ் உள்ளவர்களுக்கு இலவசமாகவே கொடுப்பதுண்டு. சிகாகோவில் வேலை பார்க்கும் மகனுக்கு டென்வர் போகும்போது அது கிடைக்கும். அதை வைத்து அவர் "அப்பா, உங்களுக்கும் கேட்டுப் பாருங்கள்" என்கிறார். ஆனால் அதே நிறுவனங்களே அட்லாண்டிக்கையோ பசிபிக்கையோ தாண்டும் விமானங்களில் இப்படிக் கொடுப்பதில்லை. அங்கே மைல்களோ (பறக்கும்போது கணக்கில் சேரும் புள்ளிகள்), அப்கிரேடுக்கென்று தனியாகத் தரும் புள்ளிகளோ, கூப்பனோ செலவழித்தாக வேண்டும்.

இன்னொரு குழப்பம் விமான நிறுவனங்களின் கூட்டணி பற்றியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் எலைட் கோல்டு வைத்திருப்பவர், அந்த நிறுவனம் சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் கோல்டும் ஆகிறார். அந்தக் கார்டைக் காட்டி ஃபிராங்க்ஃபர்ட் போகும், அதே கூட்டணியைச் சேர்ந்த லுஃப்தான்சாவில் லவுஞ்சுக்குப் போகலாம், கூடுதல் பெட்டி கொண்டுபோகலாம், செக்-இன்னிலும் போர்டிங்கிலும் முன்னால் போகலாம். கூட்டணி தரும் சலுகைகள் இப்படிப்பட்டவைதான். இலவச அப்கிரேடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே எந்த நிறுவனத்தில் அப்கிரேடு வேண்டுமோ அந்த நிறுவனத்தின் கணக்கிலேயே மைல் சேர்ப்பது நல்லது. நாலு நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தால் ஒன்றிலும் பயன் கிடைக்காது.

நம் வாடிக்கையாளர்கள் அதிகம் போவது சிங்கப்பூர் வழி என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறோம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் எகானமி டிக்கெட் லைட், வேல்யூ, ஸ்டாண்டர்டு, ஃப்ளெக்ஸி எனப் பல விலைகளில் வருகிறது. இருப்பதிலேயே விலை குறைந்த லைட் டிக்கெட்டில் மைல் கொடுத்து அப்கிரேடு செய்ய முடியாது. அடுத்த வகைக்கு மாறினால் அந்தக் கதவு திறக்கிறது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நாட்களில் சிறியதாக இருக்கும். அன்றைக்கு லைட் எடுப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

அடுத்தது இன்னும் முக்கியம். மைல் கொடுத்து ஒரு படிதான் ஏற முடியும். எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் பிரீமியம் எகானமி என்ற வகுப்பு உள்ள விமானத்தில் எகானமியிலிருந்து ஏறினால் போய்ச் சேருவது பிரீமியம் எகானமிக்குத்தான். கால் நீட்டிப் படுக்கும் இருக்கை கிடைக்காது. சிங்கப்பூரின் நெடுந்தூர ஏ350 விமானத்தில் இருக்கும் 253 இருக்கைகளில் 42 பிசினஸ், 24 பிரீமியம் எகானமி, மீதி 187 எகானமி. அந்த 187 பேரில் அப்கிரேடு கேட்கிறவர்கள் எல்லோரும் போட்டியிடுவது இந்த 24 இருக்கைகளுக்கு. அதிலும் பெரும்பகுதி காசு கொடுத்தவர்களுக்கே போய்விடும்.

நியூயார்க் பக்கம் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. சிங்கப்பூரிலிருந்து ஜேஎஃப்கேவுக்கும் நெவார்க்குக்கும் நேராகப் பறக்கும் விமானத்தில் எகானமியே கிடையாது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, மொத்தமே 161 இருக்கைகள். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். அங்கே எல்லோரும் பிரீமியம் எகானமியிலிருந்தே தொடங்குவதால், மைல் வைத்திருப்பவருக்கு அடுத்த படியே பிசினஸ்தான். படுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், மைல்களை இந்த மாதிரிப் பயணத்துக்கு வைத்திருங்கள் என்போம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 22 செப்டம்பர் 2025 முதல் எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பிரீமியம் எகானமி உள்ளிட்ட மற்ற வகுப்புகளுக்கு 18 சதவீதம். விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையைப் பாருங்கள்.

திருச்சி, கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரை ஸ்கூட்டில் போகிறவர்கள் அந்தத் துண்டுக்கு அப்கிரேடு எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கூட்டில் பிசினஸ் வகுப்பே இல்லை. சிங்கப்பூருக்கு அப்புறம் வரும் நீண்ட பயணத்தைத்தான் பார்க்க வேண்டும். துபாய் வழி போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம், அங்கிருந்து நியூயார்க்குக்குப் பதினாலு மணி நேரம். இருக்கும் மைலை முதல் துண்டில் கரைத்துவிட்டு இரண்டாவதில் மடங்கி உட்கார்ந்து போவதில் என்ன பயன்?

சரி, டிக்கெட்டில் எதைப் பார்ப்பது? நாங்கள் அனுப்பும் இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்கும் தேதிக்கும் பக்கத்தில் 'கிளாஸ்' என்ற இடத்தில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஒரே எகானமி வரிசையில் அடுத்தடுத்து உட்காரும் இரண்டு பேருக்கு அந்த எழுத்து வேறாக இருக்கலாம், கொடுத்த விலையும் வேறாக இருக்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் அந்த எழுத்து கியூ, ஓ, ஜி ஆகிய மூன்றில் ஒன்றாக இருந்தால் அவர்கள் மைலுக்குப் பதில் தரும் ஏவியோஸ் புள்ளிகள் எத்தனை இருந்தாலும் அப்கிரேடு கிடையாது. மற்ற எழுத்துகளுக்கும், மேல் வகுப்பில் புள்ளிகளுக்கென்று ஒதுக்கிய இருக்கை காலியாக இருந்தால்தான் உண்டு. லண்டனில் சில நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அங்கிருந்து கிளம்பும்போது பிரிட்டன் அரசு வாங்கும் பயணி வரி, எகானமியைவிட மேல் வகுப்புகளுக்கு இரண்டு மடங்குக்கும் அதிகம். பிரீமியம் எகானமிக்கும் அப்படித்தான். புள்ளிகளில் ஏறினாலும் அந்த வித்தியாசத்தைப் பணமாகக் கட்ட வேண்டும்.

டிக்கெட் எண்ணையும் பாருங்கள். பதின்மூன்று இலக்கங்களில் முதல் மூன்றும் டிக்கெட்டைக் கொடுத்த நிறுவனத்தைச் சொல்லும். 618 என்றால் சிங்கப்பூர், 176 என்றால் எமிரேட்ஸ், 125 என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். ஒரு நிறுவனத்தின் டிக்கெட்டில் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கும்போது அப்கிரேடு கேட்டால், இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரைக் கை காட்டுவார். அப்கிரேடு முக்கியம் என்றால் டிக்கெட்டும் விமானமும் ஒரே நிறுவனமாக இருப்பது நல்லது.

எங்களிடமே இருக்கும் சில மலிவு டிக்கெட்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குழு டிக்கெட், மாணவர் டிக்கெட், கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கான டிக்கெட், கன்சாலிடேட்டர் (டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கி விற்பவர்) விலையில் வருபவை ஆகியவற்றில் பலவற்றுக்கு அப்கிரேடு கிடையாது, சிலவற்றில் மைலும் சேராது. மலிவு வேண்டும் என்றால் தாராளமாக எடுங்கள். எடுக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டேட்டஸை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று கூடுதல் பயணம் போடலாமா என்றும் கேட்கிறீர்கள். கிரிஸ்ஃப்ளையரில் பன்னிரண்டு மாதத்தில் 25,000 எலைட் மைல் (ஸ்டேட்டஸுக்குக் கணக்காகும் மைல்) சேர்த்தால் சில்வர், 50,000 சேர்த்தால் கோல்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ போய்த் திரும்பினால் தூரம் சுமார் 20,500 மைல். முழு மைலும் தரும் டிக்கெட்டாக இருந்தால் மூன்றாவது பயணத்தில் கோல்டு வந்துவிடும். பாதி மைல் மட்டும் தரும் டிக்கெட்டாக இருந்தால் ஐந்து முறை போய் வர வேண்டும். கிரெடிட் கார்டு புள்ளிகளை மாற்றிச் சேர்த்த மைல் இந்தக் கணக்கில் வராது. வருடத்துக்கு ஒரு முறை பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஸ்டேட்டஸுக்காகச் செலவு செய்ய வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான ஆலோசனை. மாதம் ஒரு முறை அலுவலகச் செலவில் பறக்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

அப்படி வேலைக்காகப் பறக்கும் மகனோ மகளோ இருந்தால், அவர்கள் கணக்கில் இருக்கும் மைலைப் பெற்றோருக்குப் பயன்படுத்தலாம். கிரிஸ்ஃப்ளையரில் அதற்கு உங்கள் பெயரை அவர்கள் முன்கூட்டியே கணக்கில் பதிந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கும் அங்கே பதிந்த எழுத்துக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது. இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதும் நம் வழக்கத்தால் இதில் தொல்லை வருகிறது. மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும் என்பதையும் பிள்ளைகளிடம் நினைவூட்டுங்கள். யுனைடெட்டில் பிரீமியர் பிளாட்டினம் ஸ்டேட்டஸ் வந்தால், அப்கிரேடுக்கென்று தனியாக 40 பிளஸ் பாயின்ட், அதற்கும் மேலான 1கே ஸ்டேட்டஸ் வந்தால் 280 பிளஸ் பாயின்ட் தருகிறார்கள். அதைக் கொடுத்தாலும் இடம் உடனே உறுதியாகும் என்றில்லை. வெயிட்லிஸ்டில் போடுவார்கள். அங்கேதான் ஸ்டேட்டஸ் வேலை செய்கிறது. உயர்ந்த ஸ்டேட்டஸ் உள்ளவர் பெயர் மேலே போகும்.

விமான நிலையத்தில் போய்க் கேட்டால் கிடைக்குமா? எகானமியில் இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்ட நாளில் சிலரை மேலே அனுப்புவார்கள். அப்போது ஸ்டேட்டஸ் உள்ளவர்களின் பெயர்தான் முதலில் வரும். நல்ல உடை உடுத்திப் போவதாலோ கவுன்டரில் நயமாகக் கேட்பதாலோ அந்தப் பட்டியல் மாறாது. தனியாகப் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம் என்பதால் குடும்பத்தை வெவ்வேறு பிஎன்ஆரில் பிரித்துப் போடச் சொல்கிறார்கள் சிலர். சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விமானம் ரத்தானால் கணவர் ஒரு விமானத்திலும் மனைவி மறுநாள் விமானத்திலும் போக நேரிடும்.

மூட்டு வலி, கால் வீக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருப்பவர்கள் அப்கிரேடை நம்பிக் கிளம்ப வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து திரும்பும்போது ஒரே மூச்சில் பதினாறு, பதினேழு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பிரீமியம் எகானமியைப் பணம் கொடுத்தே வாங்குங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் நடுவில் ஒரு இரவு தங்கிப் போகும்படி டிக்கெட் போட்டுத் தருகிறோம். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பதற்றத்தில் அம்மாவையோ அப்பாவையோ விமானத்தில் ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மே, ஜூனிலும் டிசம்பர், ஜனவரியிலும் மேல் வகுப்புகள் விற்றே தீர்ந்துவிடுவதால் அப்கிரேடு கிடைப்பது கடினம். தேதியை மாற்ற முடிந்தவர்கள் பிப்ரவரி, மார்ச், செப்டம்பர், அக்டோபரில் வாரத்தின் நடு நாட்களைக் கேளுங்கள்.

இனி டிக்கெட் கேட்கும்போது உங்கள் மெம்பர்ஷிப் எண், ஸ்டேட்டஸ், அது முடியும் மாதம், கணக்கில் இருக்கும் மைல், யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும், எங்களுக்கும்கூட, அனுப்ப வேண்டாம். மைல் எடுக்கும் வேலையை உங்கள் கணக்கில் நீங்களேதான் செய்ய வேண்டும், வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறோம். அப்கிரேடுக்கு இடமுள்ள டிக்கெட், இடமில்லாத டிக்கெட் இரண்டின் விலையையும் சேர்த்தே சொல்கிறோம். பார்த்து முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தார்
சென்னை