மேனேஜ்மென்ட் சீட்டு வேணாம் கண்ணு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுறேன். போன்ல பேசினா நீயும் கத்துற, நானும் கத்துறேன், நடுவுல லைன் வேற கட்டாவுது. அதான் உக்காந்து எழுதி, பாப்பாகிட்ட குடுத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். முழுசாப் படி. பாதியில நிறுத்திட்டு போன் பண்ணாத.

அந்த காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கு, இந்த மாசமே அட்வான்ஸ் கட்டணும், ஷார்ஜாவுல கடன் வாங்கி அனுப்புறேன்னு சொன்ன. தங்கச்சி மேல உனக்கு இருக்குற பாசம் எனக்குத் தெரியாதா? இருந்தாலும் வேணாம். ஃபீஸ் விஷயத்துல அரசாங்கம் கை குடுக்குறது பெரும்பாலும் கவுன்சிலிங் வாசல்லதான். மேனேஜ்மென்ட் வாசல் வழியா உள்ள போயிட்டு, அப்புறம் அங்க வந்து நின்னா ஒண்ணும் நடக்காது.

அவங்க அவசரப்படுத்துற நேரத்தைப் பாரு. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுல விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்குது. உங்க நைனா வார்ஃபுல வலை தச்சிக்கினு இருக்கார். வீட்டுல காசு புழங்காத நேரமாப் பாத்து, "மேடம், ரெண்டு சீட்டுதான் பாக்கி"ன்னு தினம் போன். கவுன்சிலிங் நடக்குறது ஜூலை, ஆகஸ்ட்ல. அதுக்குள்ள பிள்ளைங்களை வளைச்சிப் போட்டாத்தான் அவங்க சீட்டு ரொம்பும். டொனேஷன் வாங்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல 1992-லயே சட்டம் போட்டாச்சு. கேக்குற பணத்துக்கு ரசீது தருவீங்களான்னேன். "சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்"னு அந்தப் பொண்ணு பேச்சை மாத்திடுச்சு. எனக்கு அதுவே போதும்.

பாப்பா ஆறாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தான் படிச்சா. நடுவுல இங்கிலீஷ் மீடியம் பிரைவேட்ல போடலாம்னு நீ ஒத்தக் கால்ல நின்ன. அதே ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன், டீச்சருங்க எப்படிச் சொல்லிக் குடுக்குறாங்கன்னு தினம் பாக்குறேன், அதனால மாத்தல. இன்னிக்கு அந்த ஏழு வருஷம்தான் அவளுக்குச் சொத்து. அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு டாக்டர் படிப்புல 7.5 சதவீதம் இடம் தனியா ஒதுக்கினது 2020-ல. அடுத்த வருஷமே இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம்னு மத்ததுக்கும் கொண்டாந்தாங்க. 2021 செப்டம்பர்ல முதலமைச்சர், இந்த ஒதுக்கீட்டுல சேர்றவங்களோட படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாத்தையும் அரசே கட்டும்னு அறிவிச்சார். பாப்பாவுக்குப் பொது ரேங்க்கும் வரும், 7.5 ரேங்க்கும் தனியா வரும். நீ சொல்ற அதே காலேஜ்கூட கவுன்சிலிங் லிஸ்ட்ல இருக்கு. அதே பெஞ்சு, அதே வாத்தியார். நீ எதுக்கு நாலு வருஷம் ஓவர்டைம் பாக்கணும்?

ஒருவேளை 7.5-ல அவ கேட்ட குரூப் கிடைக்காம, பொது ரேங்க்ல கிடைச்சுதுன்னு வை. அப்ப முதல் பட்டதாரி சலுகை இருக்கு. வீட்டுல ஒருத்தரும் டிகிரி முடிக்கலன்னா, முதல்ல போற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்துல கழிவு. பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல வருஷத்துக்கு 25,000 ரூபாய். சாதி பாக்க மாட்டாங்க. ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான். நீ படிச்ச ஐடிஐ டிகிரியில சேராது, அதனால அந்த உரிமை இன்னும் நம்ம வீட்டுல பத்திரமா இருக்கு. ஆனா இதுவும் கவுன்சிலிங் சீட்டுக்கு மட்டும்தான். எதிர் வீட்டுப் பொண்ணு போன வருஷம் மேனேஜ்மென்ட்ல சேர்ந்தா. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணி வச்சிருக்காங்க, ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்ல. அவங்கம்மா செயின் அடகுல கெடக்குது. அந்தக்காவை மீன் ஏலத்துல பாத்தா இப்பல்லாம் முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது.

சித்தி பொண்ணு பிரைவேட் மெட்ரிக் ஸ்கூல்ல படிச்சவ, அவளுக்கு 7.5 கிடையாது. அவளை பிரகதி ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடச் சொல்லியிருக்கேன். அது டெல்லியிலேருந்து, இன்ஜினியரிங் காலேஜுங்களைப் பாத்துக்குற ஏஐசிடிஇ குடுக்குறது. இன்ஜினியரிங், டிப்ளமோ படிக்கிற பொண்ணுங்களுக்கு வருஷம் 50,000. வீட்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கணும், ஒரு வீட்டுல ரெண்டு பொண்ணுங்க வரைக்கும் வாங்கலாம். வேற ஸ்காலர்ஷிப் வாங்கினா இது கிடையாது. அதனால எது பெருசுன்னு கணக்குப் பாத்துட்டுத்தான் எழுதணும். எல்லாத்துக்கும் போட்டு வைப்போம்னு போட்டா கடைசியில சிக்கல்.

அப்புறம் புதுமைப்பெண் திட்டம். அரசுப் பள்ளியில ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்ச பொண்ணுக்கு, காலேஜ் முடிக்கிற வரைக்கும் மாசம் 1,000 அவ கணக்குல போடுறாங்க. 2022 செப்டம்பர் 5-ந் தேதி நம்ம பாரதி மகளிர் கல்லூரியிலதான் தொடங்கினாங்க. வேற உதவித்தொகை வாங்கினாலும் இதை நிறுத்த மாட்டாங்க. முன்னாடி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல தாலிக்குத் தங்கம் குடுத்தாங்க இல்ல, அதைத்தான் படிப்புக்குன்னு மாத்தினது. இங்க சில பொம்பளைங்க தங்கம் போச்சேன்னு இன்னும் பொலம்புது. எனக்கு இதுதான் சரின்னு படுது. பசங்களுக்கும் 2024 ஆகஸ்ட்லேருந்து தமிழ்ப் புதல்வன்னு குடுக்குறாங்க. நீ கொஞ்சம் முன்னாடி பொறந்துட்ட.

"ஓசிக் காசுக்கு லைன்ல போய் நிக்கணுமா"ன்னு கேட்ட பாரு, அது எனக்குப் புடிக்கல. அம்பேத்கர் 1913-ல அமெரிக்கா போய் படிச்சது பரோடா மகாராஜா குடுத்த உதவித்தொகையில. மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருஷத்துக்கு. அவர் டெல்லியில வைஸ்ராய் கவுன்சில்ல இருந்த காலத்துலதான், 1944-ல, பட்டியல் சாதிப் பிள்ளைங்க பத்தாவதுக்கு மேல படிக்க போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பே வந்துச்சு. உன் வியாசர்பாடி சிநேகிதன் அதுலதான் இன்ஜினியரிங் முடிச்சான். அவனை ஓசியில படிச்சவன்னு அவன் எதிர்ல சொல்வியா? உங்க நைனா பீடி வாங்கினாலும் வரி கட்டுறார், நான் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுறேன். அந்தக் காசு ஒரு சுத்து சுத்தி நம்ம பிள்ளைக்கு வருது, அவ்ளோதான்.

எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு உன்னை ஏமாத்த மாட்டேன். அந்த வியாசர்பாடிப் பையனுக்கு ஒரு வருஷம் ஸ்காலர்ஷிப் பணம் லேட்டாச்சு, அதுக்குள்ள அவன் காலேஜ்ல ஹால் டிக்கெட் தர மாட்டேன்னுட்டாங்க. அவங்கம்மா எங்கெங்கயோ கடன் வாங்கிக் கட்டினாங்க. அந்த ஸ்காலர்ஷிப்ல ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம்னு பங்கு. ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்து சேர்ற வரைக்கும் காலேஜ் பொறுக்க மாட்டேங்குது. வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருக்குற வீட்டுல, முதல்ல நீ கட்டு, அப்புறம் வாங்கிக்கோன்னா எங்க போறது? இதுல எனக்கும் கோவம்தான். கோவத்துல ஃபாரமே எழுதாம விட்டா அது இன்னும் நஷ்டம்.

பேங்க் கணக்குலயும் ஒரு சங்கதி இருக்கு. போன வருஷம் எங்க ஸ்கூல்ல முடிச்ச ஒரு பொண்ணுக்கு புதுமைப்பெண் ஆயிரம் ரூபா வரவேயில்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, பாஸ்புக், ஆதார், காலேஜ்ல எழுதிக் குடுத்த ஃபாரம். அப்புறம் பாத்தா, கடையில சிம் கார்டு வாங்கினப்ப கை ரேகை வச்சிருக்கு, அதுலயே அவ பேர்ல ஒரு பேமென்ட் பேங்க் கணக்கைத் தொறந்துட்டாங்க. ஆதாரைக் கடைசியா எந்தக் கணக்கோட இணைச்சாங்களோ, அரசாங்கப் பணம் அங்கதான் போவும். மாசா மாசம் அந்தக் கணக்குலதான் விழுந்துக்கினு இருந்திருக்கு. அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்குறதே தெரியாது. அதனால பாப்பாவை இட்டுக்கினு போய், எந்த பேங்க்ல சேர்ந்திருக்குன்னு பாத்து, நம்ம தண்டையார்பேட்டை பேங்க்குக்கே மாத்திட்டேன். ஆதார்ல அவ பேரு நைனா பேரோட முழுசா இருக்கு, மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும். அதையும் சரி பண்ணக் குடுத்திருக்கு.

இவ்ளோக்கும் மேல குறைஞ்சா கல்விக்கடன் இருக்கு. 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது. வருமானம் குறைஞ்ச வீடுன்னா படிக்கிற காலத்து வட்டியை ஒன்றிய அரசு கட்டுது. ஆனாலும் கடன் கடன்தான். கடைசியாப் பாத்துக்கலாம். நீ அங்க வாங்குறேன்னு சொன்ன வட்டிக்கு இது எவ்ளவோ மேல்.

இப்ப உன்னால ஆவ வேண்டியது ஒண்ணு இருக்கு. முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு இ-சேவையில போட்டிருக்கோம், 60 ரூபா கட்டியாச்சு. கூடப் பொறந்தவங்க என்ன படிச்சாங்கன்னு தாலுக்கா ஆபீஸ்ல காட்டச் சொல்றாங்க. உன் ஐடிஐ டிசியும் சர்டிபிகேட்டும் பீரோவுல இல்ல. ஆயா பெட்டியைக்கூடக் கொட்டிப் பாத்துட்டேன். நீ கையோட எடுத்துக்கினு போயிருப்ப. ரூம்ல தேடி, ஸ்கேன் பண்ணி அனுப்பு. நாலு மூலையும் தெரியணும், போன தடவை பாஸ்போர்ட் அனுப்பின மாதிரி கட்டை விரலோட அனுப்பாத. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.

அம்மா